துப்பாக்கி விலை இரண்டு லட்சம்... அப்பா சம்பளம் எவ்வளவு?

திருவிழாவுக்குப் போனால் உங்கள் கால் தானாக எந்தக் கடை முன்னால் போய் நிற்கும்? பஞ்சுமிட்டாயா, ராட்டினமா? சின்ன வயதில் எனக்குப் பலூன் சுடும் கடைதான்! பலகையில் வரிசை வரிசையாகப் பலூன் கட்டியிருப்பார்கள். காசு கொடுத்தால் ஓர் ஏர்கன்னைக் கையில் தருவார்கள். 'டப்' என்று ஒன்று வெடித்துவிட்டால் போதும், உலகத்தையே ஜெயித்த மாதிரி இருக்கும். ஒரு வருடம் சமயபுரம் தேருக்குப் போனபோது அப்பா கொடுத்த காசு மொத்தத்தையும் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டேன். பஸ்ஸுக்குக் காசில்லை. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். வெடித்த பலூன்கள் மொத்தம் மூன்று. துப்பாக்கியின் குழல் கோணல் என்று இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில்தான் யாரும் நம்புவதில்லை.

அந்தத் துப்பாக்கிக் கணக்கு இத்தனை வருடம் கழித்து மறுபடியும் என்னிடம் வந்தது. கொண்டுவந்தவள் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திருச்சி கே.கே. நகரில், ஆயுதப்படை வளாகத்தில் உள்ள ரைஃபிள் கிளப்பில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமாரும் அதில் போட்டியாளராகக் கலந்துகொண்டார். கேட்க வேண்டுமா? வெளியே பெருங்கூட்டம்! அந்தக் கூட்டத்தில் அவள் அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். அப்போது நான்காம் வகுப்பு. அஜித் தெரிந்தாரோ இல்லையோ, நீளமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன அக்காக்களும் அண்ணன்களும் அவள் கண்ணில் பட்டுவிட்டார்கள்.

இப்போது ஏழாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

"தாத்தா, எனக்கு ரைஃபிள் சுடக் கத்துக்கணும். அதுக்கு ரெண்டு லட்சம் ஆகுமாமே? எங்கப்பா சம்பளத்துல முடியுமா?"

அவளுடைய அப்பா சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டில் துணி தைக்கிறார். முடியும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "நோட்டையும் பேனாவையும் எடுத்துட்டு வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். வாத்தியார் புத்தி வேறு எங்கே போகும்!

முதலில் துப்பாக்கி. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையைக் காற்றின் அழுத்தத்தால் சுடுவது ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகள். இதற்கான நல்ல துப்பாக்கிகள் பெரும்பாலும் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன. விலை ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், அதற்கு மேலும் போகும்.

உடனே அவள் மடக்கினாள். "நம்ம ஊர்லயே துப்பாக்கி ஃபேக்டரி இருக்கே தாத்தா!"

கேட்டது சரிதான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கே முக்கியமாகச் செய்வது ராணுவத்துக்கும் காவல் படைகளுக்கும் வேண்டிய ஆயுதங்கள். போட்டித் துப்பாக்கி வேறு ஜாதி. ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! உங்கள் நோட்டில் பேனாவால் வைக்கும் முற்றுப்புள்ளி அளவுதான். பத்து மீட்டர் தள்ளி நின்று அதில் அடிக்க வேண்டும், அதுவும் அறுபது முறை. அவ்வளவு நுணுக்கமான துப்பாக்கியைக் கொஞ்சம் பேர்தான் வாங்குவார்கள். கொஞ்சமாகச் செய்கிற பொருள், கப்பலிலோ விமானத்திலோ வருகிற பொருள். விலை ஏறாமல் என்ன செய்யும்? நம் நாட்டிலும் சில நிறுவனங்கள் பயிற்சிக்கான ஏர் ரைஃபிள்களைக் குறைந்த விலையில் செய்கின்றன. தொடக்கத்துக்கு அவை போதும்.

அடுத்தது குண்டு. ஈயத்தால் ஆன 4.5 மில்லிமீட்டர் குண்டு. டப்பாவுக்கு 500 இருக்கும். டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். ஒரு குண்டு இரண்டு ரூபாய். ஒரு நாளைக்கு நூறு குண்டு, மாதத்தில் 25 நாள் பயிற்சி என்றால்? 2,500 குண்டு, ஐந்து டப்பா, ஐயாயிரம் ரூபாய். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். துப்பாக்கியாவது ஒரு தடவை வாங்குவது. குண்டு மாதா மாதம் வரும் பால் கணக்கு மாதிரி!

இன்னொன்றும் உண்டு. ரைஃபிள் சுடுகிறவர்கள் விறைப்பான தடித்த கோட்டும் பேன்ட்டும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகு ஆடாமல் இருக்கத்தான் அது. அதன் தடிமன், விறைப்பு, அளவு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது; போட்டிக்கு முன் அளந்து பார்ப்பார்கள். பள்ளிச் சீருடையை அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத் தொளதொளவென்று தைத்துப் போடுகிறோமே, அந்த வித்தை இங்கே பலிக்காது. வளரும் பிள்ளைகளுக்குக் கோட்டுச் செலவு ஒரு தலைவலி.

இதில் ஒரு சின்ன வழி இருக்கிறது. பிஸ்டல் போட்டிக்கு இந்தக் கோட்டும் பேன்ட்டும் தேவையில்லை. ஒரு கையை நீட்டிச் சுட வேண்டியதுதான். கையில் பணம் குறைவாக உள்ள கிராமத்துப் பிள்ளைகள் பலர் பிஸ்டல் பக்கம் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். கரும்பும் கோதுமையும் விளையும் ஊர். 1990-களின் கடைசியில் அங்கே ஒரு சுடுதளம் தொடங்கினார்கள். சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, தனியாகப் போகக் கூச்சப்பட்ட பேத்திக்குத் துணையாக அங்கே போனார். அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல்! சும்மா நிற்பானேன் என்று பிஸ்டலை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். குறி தப்பவில்லை. அதன்பின் அவரும் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார்.

வீட்டில் துப்பாக்கி கிடையாது. சந்த்ரோ பாட்டி என்ன செய்தார் தெரியுமா? ஆண்கள் தூங்கிய பிறகு, ஒரு கூஜாவில் தண்ணீர் நிரப்பி, அதைப் பிடித்துக் கையை நேராக நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். துப்பாக்கியின் பாரத்தைத் தாங்கக் கை பழகிவிட்டது. செலவு? ஒரு கூஜா தண்ணீர்! இந்தப் பாட்டிகள் போட்டிகளில் பதக்கங்களை அள்ளினார்கள். அவர்கள் கதை 2019-இல் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. சந்த்ரோ பாட்டி 2021-இல் கொரோனாவால் காலமானார். பிரகாஷியின் மகள் சீமா தோமர் ராணுவத்தில் சேர்ந்து, 2010-இல் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளி வென்றார்.

அந்தக் கிராமத்தில் ஆளுக்கொரு துப்பாக்கியா இருந்தது? இல்லை. கிளப்பின் சில துப்பாக்கிகளை எல்லோரும் முறை வைத்துச் சுட்டார்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் நுழையும் முதல் வாசல் அதுதான். ரைஃபிள் கிளப்களில் பொதுவாகக் கிளப்புக்குச் சொந்தமான துப்பாக்கிகள் இருக்கும். கட்டணம் கட்டிப் பழகலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக முடியாது!

இரண்டாவது தந்திரம், குண்டே இல்லாமல் சுடுவது. சிரிக்காதீர்கள், உண்மைதான். பெரிய வீரர்களும் தினமும் இப்படிப் பயிற்சி செய்கிறார்கள். குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது, விசையை மெதுவாக இழுப்பது எல்லாம் அப்படியே நடக்கும். குண்டு மட்டும் இருக்காது. விசையை வெடுக்கென்று இழுக்கிற கெட்ட பழக்கம் இதில்தான் பிடிபடும். போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே தனி வசதி வைத்திருக்கிறார்கள். பாதி நேரம் இப்படிப் பழகினால் எங்கள் ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு இரண்டாயிரத்து ஐந்நூறாக இறங்கிவிடுகிறது. அவள் மறுபடி பேனாவைக் கையில் எடுத்தாள்.

ஆனால் இரவல் துப்பாக்கியோடு கடைசிவரை போக முடியாது. கைப்பிடி அவரவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். மாநிலம், தேசம் என்று மேலே போகும்போது சொந்தத் துப்பாக்கி வேண்டும். அங்கேதான் பெற்றோர் வயிற்றில் புளி கரைகிறது.

ககன் நரங்கைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1983-இல் நம் சென்னையில் பிறந்தவர். இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோதே மெரினா கடற்கரையில் பலூன் சுட்டாராம். (என்னைப் போல மூன்றோடு நிற்கவில்லை போலிருக்கிறது!) ஹைதராபாத்தில் வளர்ந்தார். அப்பாவுக்கு ஏர் இந்தியாவில் வேலை. நல்ல வேலைதான், ஆனாலும் மாதச் சம்பளக்காரர். மகனுக்கு வெளிநாட்டு ரைஃபிள் வாங்குவதற்காகக் குடும்பத்துக்கு இருந்த மனையை விற்றார். வாடகை வீட்டிலேயே காலம் ஓடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ககன் வெண்கலம் வென்றார். அதற்கு முந்தைய வருடமே அவரும் இன்னொரு வீரரான பவன் சிங்கும் சேர்ந்து புனேயில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதன் அகமதாபாத் கிளையில்தான், கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் பயிற்சி பெற்றார். 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றாரே, அவரேதான். மனை விற்ற காசு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

மீரட் பக்கத்தில் கலினா கிராமத்து விவசாயியின் மகன் சௌரப் சௌத்ரி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள பிஸ்டலை வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது எத்தனை அறுவடை என்று யோசித்துப் பாருங்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தங்கம் வென்றபோது வயது 16.

எல்லோருக்கும் மனையும் நிலமும் இருக்குமா? ஸ்வப்னில் குசாலே வந்த வழியைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன். அப்பா என்னைப் போலப் பள்ளி ஆசிரியர். 2009-இல் மகனை மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தார். அங்கே அவன் தேர்ந்தெடுத்தது துப்பாக்கி சுடுதல். 2015-இல் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை கிடைத்தது. சம்பளம் வரத் தொடங்கிய பிறகுதான் சொந்த ரைஃபிள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம்! அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். பொன்மலைப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு ரயில்வேயும் விளையாட்டும் எவ்வளவு நெருக்கம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ராணுவமும் அப்படித்தான். 2004-இல் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 2012-இல் வெள்ளி வென்ற விஜய் குமார் இருவரும் ராணுவத்தினர். அங்கே தோட்டாச் செலவுக்கு வீட்டுக் கஜானாவைத் திறக்க வேண்டியதில்லை.

வசதியோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். 2008-இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. அதற்காக அவர் உழைப்பு குறைந்துவிடாது. அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு ஏழை, பணக்காரர் தெரியாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 'டிராப்' போட்டியில் கலந்துகொண்ட பிரித்விராஜ் தொண்டைமான், நம் பக்கத்து ஊரான புதுக்கோட்டையின் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டி அது. தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தோட்டா, அதுவும் நம் இரண்டு ரூபாய்க் குண்டைப் போல இல்லை, பல மடங்கு விலை. சுட்டால் போச்சு!

நன்றாகச் சுடுகிறவர்களுக்கு அரசும் கைகொடுக்கிறது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகிறவர்களுக்குப் பயிற்சியோடு மாதம் பத்தாயிரம் ரூபாய் கைச்செலவுக்கும் தருகிறார்கள். தேசிய அளவில் தகுதி பெற்ற வீரர்கள் துப்பாக்கியை இறக்குமதி செய்யச் சுங்க வரிச் சலுகையும் உண்டு. ஒரே ஒரு சிக்கல். இந்த உதவியெல்லாம் திறமையைக் காட்டிய பிறகுதான் வரும். காட்டுகிற வரைக்கும் யார் செலவு? அப்பா, அம்மா செலவுதான்.

அந்த வாரமே அவளுடைய அப்பா என்னைப் பார்க்க வந்தார். "சார், அவ அம்மா சங்கிலி இருக்கு. வெச்சுடலாமான்னு பாக்கறோம்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கிய கதைகள் செய்தித்தாளில் வருகின்றன. ஜெயித்தவர்கள் கதை மட்டும்தான் வருகிறது. அடகு வைத்தும் பதக்கம் வராதவர்கள் வீட்டுக்கு யாரும் பேட்டி எடுக்கப் போவதில்லை. பிள்ளைக்கும் அது பாரம். ஒவ்வொரு குண்டு தவறும்போதும் அம்மாவின் வெறும் கழுத்து நினைவுக்கு வந்தால் கை நடுங்காதா? ஆறு மாதம் கிளப் துப்பாக்கியில் சுடட்டும், மதிப்பெண் ஏறுகிறதா பார்ப்போம் என்றேன்.

அவரிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் என்.சி.சி.யில் இருந்தான். அங்கே துப்பாக்கியும் தோட்டாவும் அரசாங்கத்துடையது, மாணவருக்குச் செலவே இல்லை. ஆளுக்கு ஐந்து தோட்டா. அவன் சுட்ட ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்! அடுத்த முகாமுக்குத் தேர்வானான். பத்து நாள் முகாம். அவன் அப்பாவின் டீக்கடையில் பத்து நாளைக்குக் கிளாஸ் கழுவ வேறு ஆள் இல்லை. அவன் போகவில்லை. நான் ஒரு தடவை போய்ப் பேசிப் பார்த்திருக்கலாம். பேசவில்லை. பணம் மட்டும்தான் செலவு என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். நாட்களும் செலவுதானே?

இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது ஏர்கன் வாங்கித் தா என்று வீட்டில் அடம் பிடித்தால் எனக்குத்தான் திட்டு விழும். அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போட்டி ஏர்கன்னுக்குத் தோட்டாத் துப்பாக்கியைப் போல லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. தோட்டாத் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் வேண்டும். பொதுவாக 21 வயது ஆகாதவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் ஏர்கன் குண்டும் கண்ணைப் பறித்துவிடும். மொட்டைமாடியில் நின்று காக்காயையும் அணிலையும் சுடுவது விளையாட்டு இல்லை. சுடுதளத்துக்குப் போய்ப் பாருங்கள். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகியிருப்பார்கள், உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரிவதற்காக. குழல் எப்போதும் அட்டையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. சேருவதற்கு வயது வரம்பு, கட்டணம் எல்லாம் பெரியவர்களை அழைத்துப் போய் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது ரைஃபிளை விட்டுவிட்டுப் பிஸ்டல் என்கிறாள். கோட்டுச் செலவு மிச்சம் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டாள். சனி, ஞாயிறு மட்டும் அப்பாவோடு கிளப்புக்குப் போகிறாள். மற்ற நாட்களில் சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக் கையை நீட்டுகிறாள். ராஜகோபுரத்தின் உச்சிக் கலசம் ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் இருபது எண்ணுவதற்குள் கை இறங்கிவிட்டது. நேற்று ஐம்பத்தைந்து வரை தாங்கினாள். எண்ணுவது அவள் அம்மா, தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் உண்டியலை உடைத்தார்கள். சில்லறையும் நோட்டுமாக 1,140 ரூபாய் இருந்தது. ஒரு டப்பா குண்டு போக 140 மீதி.